கணக்கும் ஆளும்: மதிப்பிடுதலின் அறம் பற்றி

ஒருவர் செய்த செயலை அளப்பதும் அந்த ஒருவரையே அளப்பதும் ஒன்றுதானா என்னும் வினா மெய்யியலில் மிகப் பழையது. ஆயினும் இன்று அது நூலகங்களில் கேட்கப்படுவதைவிட விளையாட்டு ரசிகர்களின் வாதங்களிலேயே அதிகமாகக் கேட்கப்படுகிறது. எந்த ஆட்டக்காரர் சிறந்தவர், எவரை விட்டு எவரைப் பெறுவது இலாபம், எந்தத் துணிச்சல் அணிக்கு நன்மை தந்தது, எது வெறும் ஆரவாரம் என்று வாதிடுவோர், தாம் அறியாமலே மதிப்பு என்பதன் இலக்கணத்தை ஆராய்கின்றனர். இலங்கையின் மத்திய மலைநாட்டில், ஹட்டனையும் அதைச் சூழ்ந்த டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா தோட்டங்களையும் பொறுத்தவரை, இந்த வினா பொழுதுபோக்கின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. ஏனெனில் அங்கு வாழும் மக்களின் நாளாந்த உழைப்பு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தராசில் நிறுக்கப்பட்டு வந்திருக்கிறது; அவர்களுடைய முன்னோர், தொகையாக எண்ணப்பட்டுக் கைமாற்றப்பட்டும் இருக்கின்றனர்.

மலையகத்தில் கிரிக்கெட் பற்றிய பேச்சு சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனைத் தொடாமல் முடிவதில்லை. அவர் 1972 இல் கண்டியில் பிறந்தவர். அவருடைய பாட்டனார், தென்னிந்தியாவிலிருந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலை தேடி வந்தவர்களுள் ஒருவர் என்பதால், அவரைப் பற்றிய மதிப்பீட்டில் ஒரு சமூகத்தின் தன்மதிப்பும் கலந்தே இருக்கிறது. முரளிதரன் 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவரோடு ஒப்பிடப்படும் அவுஸ்திரேலியரான ஷேன் வார்ன் 145 போட்டிகளில் 708 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஒரு விக்கெட்டுக்கு விட்டுக்கொடுத்த சராசரி ஓட்டங்களைப் பார்த்தால் முரளிதரனுக்கு 22.72, வார்னுக்கு 25.41. எண்கள் இவ்வளவு தெளிவாக இருக்க, வாதம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் வார்னின் தரப்பினர், முரளிதரனின் விக்கெட்டுகளில் 176 பங்களாதேஷ், சிம்பாப்வே என்னும் வலுக்குறைந்த அணிகளுக்கு எதிராகப் பெறப்பட்டவை என்றும், வார்னுக்கு அத்தகையவை 17 மட்டுமே என்றும் சுட்டிக்காட்டுவர். முரளிதரனின் தரப்பினர், வார்னுக்கு மறுமுனையில் பந்துவீச்சாளர் மக்ராவைப் போன்ற துணை இருந்ததென்றும், முரளிதரன் பெரும்பாலும் தனித்தே சுமை தாங்கினார் என்றும் விடையளிப்பர். அதே தனிமையை மற்றவர் எதிர்த்திசையிலும் திருப்பக்கூடும்: விக்கெட்டுக்குப் போட்டியிட வேறு எவரும் இல்லாதபோது பத்தும் ஒருவருக்கே கிடைக்க வாய்ப்பு மிகுதி என்பது அவர்களின் வாதம். எண்களில் எவருக்கும் ஐயமில்லை. ஒரே உண்மை இரு தரப்புக்கும் சான்றாகிறது.

இதே முரளிதரனின் வாழ்வு, அளவுகோலே அளக்கப்பட வேண்டியதாகும் சந்தர்ப்பம் ஒன்றையும் காட்டுகிறது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயர், அவர் முழங்கையை நீட்டிப் பந்தை எறிகிறார் என்று கூறி, அவருடைய பந்துகளை ஏழு முறை முறையற்றவை என அறிவித்தார். நடுவரின் கண் அப்போதைய அளவுகோல். பின்னர் உயிரியந்திரவியல் ஆய்வுகள், முறையாகப் பந்துவீசுவோர் என எவரும் ஐயுறாத பலரும் ஓரளவு முழங்கையை நீட்டவே செய்கின்றனர் என்பதைக் காட்டியதால், சர்வதேசக் கிரிக்கெட் சபை 2005 முதல் 15 பாகை வரையிலான நீட்சியை எல்லோருக்கும் பொதுவாக அனுமதித்தது. ஒருவரை விசாரிக்கத் தொடங்கிய சோதனை, விசாரித்தவர்கள் நம்பியிருந்த அளவையே திருத்துவதில் முடிந்தது. அளக்கப்படுபவர் அளவுகோலைக் கேள்வி கேட்கும் உரிமை பெற்றிருந்தால் மட்டுமே அளவு நேர்மையாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று விளையாட்டில் அரிது.

மதிப்பீட்டை மிக நுணுக்கமான கலையாக வளர்த்த விளையாட்டு அமெரிக்காவின் பேஸ்பால். இலங்கையின் எல்லே ஆட்டத்தை அறிந்தவருக்கு அதன் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது: பந்தை அடித்தவர், மைதானத்தில் குறிக்கப்பட்ட தளங்களை ஒவ்வொன்றாகக் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம் கிடைக்கும், ஓர் அணி மூன்று பேரை இழந்ததும் அதன் முறை முடியும். 1977 முதல் பில் ஜேம்ஸ் வெளியிட்ட ஆண்டு நூல்கள், கண்ணால் கண்டு பாராட்டும் பழைய முறையின் இடத்தில் எண்ணிப் பார்க்கும் புதிய முறையை முன்வைத்தன. 2002 இல், வசதி குறைந்த ஓக்லாண்ட் அணி, பிறர் குறைத்து மதிப்பிட்ட ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து 103 வெற்றிகளைப் பெற்றபோது அம்முறை உலகறிந்ததாயிற்று. இன்று ரசிகர்கள் மிகுதியாகக் கையாளும் அளவு, ஓர் ஆட்டக்காரரைப் பதிலி ஆட்டக்காரர் ஒருவரோடு, அதாவது குறைந்த ஊதியத்துக்கு எப்போதும் கிடைக்கக்கூடிய ஒருவரோடு, ஒப்பிட்டு, அந்தப் பதிலியைவிட இவர் எத்தனை வெற்றிகளை மிகையாகத் தந்தார் என்று கணிப்பதாகும். இந்த அளவுக்குள் ஒரு மெய்யியல் நிலைப்பாடு மறைந்திருக்கிறது: ஆளின் மதிப்பு அவரிடம் உள்ளதில் இல்லை, அவர் இல்லாவிட்டால் நேரும் குறையில் இருக்கிறது என்பதே அது.

இந்தக் கணக்கு மிகக் கடுமையாக மோதிய இடம் தளத் திருட்டு. எதிரணியின் பந்தெறிபவர் துடுப்பாட்டக்காரரை நோக்கிப் பந்தை எறியும் கணத்தில், ஒரு தளத்தில் நிற்கும் ஓட்டக்காரர், எவரும் பந்தை அடிக்காமலே, அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வதையே அவ்வாறு அழைப்பர். இது விதிக்கு உட்பட்ட துணிச்சல். வென்றால் ஒரு தளம் கிடைக்கும். பிடிபட்டால் நின்ற தளமும் போய், அணியின் மூன்று வாய்ப்புகளில் ஒன்றும் போகும். புள்ளியியலாளர் கணிப்பில், வென்ற திருட்டு அணிக்கு ஏறத்தாழ ஓர் ஓட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கைத் தருகிறது. பிடிபடுதல் அதைப் போல் இருமடங்கை எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஆட்டத்தின் நிலையைப் பொறுத்து, முயற்சிகளில் மூன்றில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்கு வரை வென்றால்தான் கைம்முதலாவது மிஞ்சும். இத்துறையில் எவரும் நெருங்காத ரிக்கி ஹென்டர்சன் 1982 இல் 130 தளங்களைத் திருடினார். அதே ஆண்டில் 42 முறை பிடிபட்டார். முன்னதன் வரவு 26 ஓட்டங்கள் என்றால் பின்னதன் செலவு 17 ஓட்டங்களுக்குச் சற்றே குறைவு. அந்தப் பெருஞ்சாதனையின் நிகர இலாபம், ஓர் ஆண்டு முழுவதற்கும், ஒன்பது ஓட்டங்களை ஒட்டியதே.

வள்ளுவர் தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தில் வகுத்த அரசியல் நெறி இக்கணக்கோடு முற்றிலும் ஒத்துப்போகிறது. ஒரு செயலால் அழிவது எது, ஆவது எது, அதன் வழியாகப் பின்னர் வரும் ஊதியம் எது என்னும் மூன்றையும் எண்ணியே இறங்க வேண்டும் என்றும், வரப்போகும் ஆக்கத்தை நம்பிக் கைம்முதலை இழக்கும் வினையை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்றும் அவர் கூறுகிறார். எனவே கணக்குப் பார்ப்பது மேலைநாட்டு இயந்திரப் புத்தி, மதிப்பை உள்ளத்தால் உணர்வதே தமிழ் மரபு என்று பிரிப்பது பொருந்தாது. எண்ணித் துணிவதைத் தமிழ் அறநூல் கடமையாகவே விதிக்கிறது.

ஆயினும் ஹென்டர்சனின் ஆதரவாளர் எழுப்பும் மறுப்பை எளிதில் தள்ள இயலாது. முதல் தளத்தில் அவர் நிற்கும்போது பந்தெறிபவரின் கவனம் சிதறுகிறது. களத்தடுப்பாளர் தம் இடம் பெயர்ந்து நிற்கின்றனர். துடுப்பாட்டக்காரருக்கு அடிக்க வசதியான பந்து வருகிறது. அவர் ஓடாமல் நின்ற பொழுதுகளிலும் ஆட்டம் அவரால் மாறியது. இவ்விளைவு வேறொருவரின் பெயரில் பதிவாகும் அல்லது பதிவாகாமலே போகும். இதிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கலாம். அளக்க முடியாதது இல்லாததே என்பது ஒன்று. அளவு எட்டாத இடத்தில் விரும்பியதையெல்லாம் மதிப்பாக நிரப்பிக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. இரண்டும் பிழை. அளவு தன் எல்லையைத் தானே அறிவிப்பதில்லை. அதை அறிந்து சொல்ல வேண்டியவர் அளப்பவர்.

அளப்பவரின் இந்தப் பொறுப்பைச் சைவ சித்தாந்தம் வேறொரு தளத்தில் ஆழமாக ஆராய்ந்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரு சூத்திரங்களிலிருந்து வளர்ந்த அம்மரபு, பதி, பசு, பாசம் ஆகிய முப்பொருள்களை ஏற்கிறது. பதி என்பது இறைவன், பசு என்பது உயிர், பாசம் என்பது உயிரைக் கட்டும் மலங்கள். கன்மம், அதாவது செய்த வினையின் தொகுப்பு, அம்மலங்களுள் ஒன்று. வினை தன் பயனைத் தானே கொண்டுவந்து சேர்க்கும், அதற்கு இறைவன் வேண்டியதில்லை என்று வாதிட்டோருக்குச் சித்தாந்திகள் அளித்த மறுப்பு குறிப்பிடத்தக்கது: கன்மம் சடப்பொருள், அதற்கு அறிவில்லை, தன்னைச் செய்தவர் எவர் என்பதை அது அறியாது, எந்தப் பயனை எப்போது யாருக்கு ஊட்ட வேண்டும் என்பதையும் அறியாது, ஆகவே அறிவுடைய ஒருவன் வினையையும் பயனையும் கூட்டுவிக்க வேண்டும். இம்மறுப்பை மனிதர் செய்யும் கணக்குக்கும் பொருத்திப் பார்க்கலாம். எண்ணும் சடமே. 800 என்னும் எண் எவரையும் உயர்த்துவதில்லை. 42 என்னும் எண் எவரையும் தாழ்த்துவதில்லை. எண்ணையும் ஊதியத்தையும், எண்ணையும் புகழையும் கூட்டுவிப்பவர் அறிவுடைய ஒரு மனிதர். ஆதலால் அந்தக் கூட்டுக்கு அவரே பொறுப்பாளி. கணக்கு இப்படிச் சொல்கிறது, தம்மால் செய்யக்கூடியது எதுவுமில்லை என்று மதிப்பிடுபவர் விலகிக்கொள்வது, சடத்தின் மேல் அறிவை ஏற்றித் தம் கடமையிலிருந்து தப்புவதாகும்.

இத்தப்பித்தல் ஹட்டன் பகுதித் தோட்டங்களில் எந்த வடிவம் கொள்கிறது என்பதைக் கொழுந்து மடுவத்தில் காணலாம். மடுவம் என்பது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. நாளொன்றுக்கு இத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்று நிர்வாகம் வகுத்த அளவை, பல தோட்டங்களில் 18 கிலோ அளவில் இருப்பதை, எட்டியவருக்கே முழுப்பேர் விழும். எட்டாதவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம், பதியப்படும் வழக்கம் உண்டு. சம்பள நிர்ணயச் சபையின் ஊடாகக் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாகவும் 2024 இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தபோதெல்லாம், தொகை பற்றிய பேச்சோடு கிலோ பற்றிய சர்ச்சையும் சேர்ந்தே எழுந்தது. தராசு காட்டும் நிறை உண்மையானதாகவே இருக்கட்டும். அந்த நிறை கவ்வாத்து வெட்டி எத்தனை காலமான மலையில் பறித்தது, சரிவு எவ்வளவு, உரம் போடப்பட்டதா, வறட்சியா, மழையா என்பவற்றை அது சொல்லாது. கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கப்படும் கிலோக்களை நிர்ணயிப்பது தராசு அன்று, நிறுப்பவர். பேஸ்பாலில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் உயரத்தில் உள்ள டென்வர் நகர மைதானத்தில் அடர்த்தி குறைந்த காற்றில் பந்து தொலைவாகப் பறக்கிறது என்பதற்காக, அங்கு எடுத்த ஓட்டங்களைக் குறைத்தே கணிக்கின்றனர். ஆட்டக்காரரின் சூழலுக்குக் கிடைக்கும் இந்த நுண்ணிய திருத்தம், மலையின் சரிவில் நிற்கும் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது சலுகை வேண்டுவதாகாது; கணக்குச் சரியாகப் போடப்பட வேண்டும் என்று கேட்பதே ஆகும்.

உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாகும் என்பதும் சித்தாந்தத்தின் கொள்கை. நிறை ஒன்றே மதிப்பாகும்போது, இரண்டு இலையும் ஓர் அரும்பும் என்னும் தரம் தளர்ந்து முற்றிய இலையும் கூடைக்குள் சேர்கிறது. திருடிய தளங்களின் எண்ணிக்கை ஒன்றே புகழாகும்போது, ஓட்டக்காரர் அணிக்குத் தேவையற்ற வேளையிலும் ஓடுகிறார். செயலை அறிவதற்காக வகுத்த அளவு, செயலையே தன் வண்ணத்துக்கு மாற்றிவிடுகிறது.

எனினும் அளவைப் பழிப்பதோடு விசாரணையை முடித்தல் நேர்மையாகாது. அளவு இல்லாத இடத்தில் ஆள்வது அருள் அன்று, விருப்பும் வெறுப்பும். ஆட்களைத் திரட்டி மேற்பார்த்த கங்காணியின் முகக்குறிப்பே மதிப்பாக இருந்த காலத்தைவிட, எவரும் பார்க்கக்கூடிய தராசு தொழிலாளிக்கு வாதிடுவதற்கு ஓர் ஊன்றுகோலைத் தந்தது. தோற்றத்தைப் பார்த்து ஒதுக்கப்பட்ட ஆட்டக்காரர்களை ஓக்லாண்ட் அணி எண்ணைப் பார்த்தே கண்டெடுத்தது. முரளிதரனையும் நடுவரின் கண்ணுக்கு எதிராக ஆய்வுக்கூடத்தின் பாகைமானியே காத்தது. வள்ளுவரும் குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து மிகுந்ததைக் கொண்டு தெளிய வேண்டும் என்றே தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் கூறுகிறார். ஆனால் அதற்கடுத்த தெரிந்து வினையாடல் அதிகாரத்தில் அவர் அத்தெளிவின் பயன்பாட்டை வரையறுக்கிறார்: இந்தச் செயலை இந்தக் கருவியால் இவர் முடிப்பார் என்று ஆராய்ந்து, அதை அவரிடம் விட வேண்டும். இங்கு மதிப்பு என்பது செயல், கருவி, ஆள் ஆகிய மூன்றுக்கும் இடையிலான பொருத்தம். செயலையும் கருவியையும் நீக்கிவிட்டு, ஆளை மட்டும் நிறுத்தி இவரின் மதிப்பு எவ்வளவு என்று கேட்பதற்கு அந்த அதிகாரம் இடம் தரவில்லை.

அவ்வாறு ஆளை மட்டும் நிறுத்தி விலை கூறும் செயலின் உச்சமே கைமாற்றம். மலையகம் இதைத் துண்டு முறையில் கண்டது. ஒரு தோட்டத்தை விட்டுப் போக விரும்பும் கங்காணிக்கும் அவருடைய ஆட்களுக்கும், இவ்வளவு கடன் தீர்க்கப்பட்டால் இவர்கள் விடுவிக்கப்படுவர் என்று எழுதிய துண்டுச் சீட்டைத் தோட்ட நிர்வாகியான துரை கொடுப்பார். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆட்களைப் பெறும். கட்டிய தொகை மீண்டும் அவர்களின் கடனாகப் பதியப்படும். ஆட்களுக்கான போட்டி ஏற ஏறக் கடனும் ஏறியது. பேரம் துரைகளுக்கும் கங்காணிக்கும் இடையே நடந்தது. தொழிலாளி அதில் பேசுபவராக அன்றிப் பேசப்படும் பொருளாகவே இருந்தார். 1921 இல் சட்டம் இதை ஒழித்தது. ஆனால் எண்ணிக் கைமாற்றும் சிந்தனை ஒழியவில்லை. 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களை, 1964 அக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 என்று எண்ணி, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாகப் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்று அழைத்த ரயில்கள் தலைமன்னாரை நோக்கிச் சென்றது இந்த வகுத்தல் கணக்கின் விளைவு. அக்கணக்கில் பிழை காண முடியாது. கூட்டினால் தொகை சரியாகவே வருகிறது. குற்றம் கூட்டலில் இல்லை, எவரையும் கேளாமல் அவர்களைக் கூட்டத்தக்க அலகுகளாகக் கொண்டதில் இருக்கிறது.

பேஸ்பாலும் இதே குற்றத்தைச் சிறிய அளவில், செல்வத்தின் நடுவே, செய்தது. ஓர் அணியில் சேர்ந்த ஆட்டக்காரரை அந்த அணியே காலவரையின்றி வைத்திருக்கவும் வேறு அணிக்கு மாற்றவும் இடமளித்த ஒப்பந்த விதி ஒன்று அங்கு நெடுங்காலம் நிலவியது. 1969 இல் செயின்ட் லூயிஸ் அணி தம்மைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியபோது, கர்ட் ஃப்ளட் என்னும் கறுப்பின ஆட்டக்காரர், தாம் விருப்பம் கேளாமல் வாங்கி விற்கப்படும் சொத்தல்லர் என்று ஆணையாளருக்கு எழுதி, நீதிமன்றம் சென்றார். 1972 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எனினும் 1975 இன் நடுவர் மன்றத் தீர்ப்பு ஒன்று அவ்விதியின் பிடியைத் தளர்த்தியது. ஃப்ளட்டின் ஆண்டு ஊதியம் அப்போது ஏறத்தாழ 90,000 டொலர். அவரையும் துண்டுச் சீட்டில் எழுதப்பட்ட தொழிலாளியையும் துன்பத்தில் ஒப்பிட முடியாது. ஆனால் இருவருக்கும் மறுக்கப்பட்டது ஒன்றே, அது சம்மதம். கிரிக்கெட்டில் 2008 இல் சென்னை அணி முரளிதரனை ஆறு இலட்சம் டொலருக்கு ஏலத்தில் எடுத்தபோது, வெளித்தோற்றம் ஆளுக்கு விலை கூறுவதாகவே இருந்தாலும், அவர் தம் பெயரைத் தாமே ஏலத்துக்குக் கொடுத்திருந்தார். விற்கப்பட்டது அவருடைய பந்துவீச்சு, ஆள் அல்லர். சம்மதம் உள்ள இடத்தில் விலை செயலோடு நிற்கிறது. அது நீங்கும்போதே விலை ஆளின் மேல் ஏறுகிறது.

இம்மானுவேல் கான்ட் 1785 இல் வெளியிட்ட அறவியல் நூலில், பதிலாக வேறொன்றை வைக்கத்தக்கதற்கு விலை உண்டு, பதிலே இல்லாததற்குக் கண்ணியம் உண்டு என்று வகுத்தார். அவர் கண்ணியத்தின் அடிப்படையை மனிதரின் பகுத்தறிவில் கண்டார். சைவ சித்தாந்தம் இன்னும் முன்னே செல்கிறது. உயிர்கள் எவராலும் படைக்கப்படாதவை, எண்ணிறந்தவை, ஒன்றுக்கொன்று வேறானவை. ஆணவ மலத்தால் அறிவு முற்றிலும் மறைந்து கிடக்கும் நிலையிலும் அவற்றின் பொருட்டே இறைவன் படைத்தல் முதலிய ஐந்தொழிலையும் செய்கிறான். அதாவது உயிர் ஒன்றையும் செய்து காட்டுவதற்கு முன்பே உலகம் அதற்காக இயங்குகிறது. வினை உயிருடையது, ஆனால் உயிர் வினையன்று. கொழுந்தின் நிறை பறித்தவருடையது, ஆனால் பறித்தவர் அந்த நிறையல்லர். பதிலி ஆட்டக்காரர் என்னும் கருத்து ஆட்டத்தில் பொருள் உள்ளது. பதிலி உயிர் என்னும் கருத்துக்கு இம்மரபில் இடமே இல்லை.

ஆகவே மதிப்பிடுதல் அறமாக நிற்க மூன்று நிபந்தனைகள் வேண்டும்: அளவு, செயலையும் அது நிகழ்ந்த சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அளக்கப்படுபவர் அளவுகோலைக் கேள்விக்கு உட்படுத்த இயல வேண்டும், அளவின் பெயரால் எவரும் தம் சம்மதமின்றிக் கைமாற்றப்படலாகாது. முரளிதரனா வார்னா என்று ஹட்டனில் வாதிடும் இளைஞர் முதல் இரண்டையும் தம் நாயகனுக்காக இயல்பாகவே கோருகின்றனர். ஆடுகளத்தைப் பார், துணையைப் பார், விதியைப் பார் என்கின்றனர். மடுவத்தில் நிறுக்கப்படும் தம் தாய்க்காகவும் அதே வாதத்தை அதே நுணுக்கத்தோடு அவர்கள் எடுத்துரைக்கும்போது, ரசிகரின் தர்க்கம் நீதியின் தர்க்கமாகிறது.